கேட்கத் தெரிந்த எஞ்சினியர் – சர் எம். விஸ்வேஸ்வரய்யா



ஆண்டு மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதித் தாருங்கள் என்று மாணவர் பேரவைச் செயலாளர் வீடு தேடி வந்து கேட்டார். நான் சிவில் பிரிவில் படித்து வெளியே போன பழைய மாணவன். கட்டிட வேலையிலேயே காலம் ஓடிவிட்டது. எழுதுவதென்றால் ஒரு எஞ்சினியரைப் பற்றித்தான் எழுத வேண்டும், அதிலும் சர் மோட்சகுண்டம் விஸ்வேஸ்வரய்யாவைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

செப்டம்பர் 15 வந்தால் எஞ்சினியர் தினம் என்று அவர் படத்துக்கு மாலை போடுகிறோம். மைசூர் தலைப்பாகை, கோட்டு, கண்ணாடி, அந்தக் கூர்மையான முகம், எல்லாம் நமக்குப் பழக்கம். ஆனா அந்த மனுஷன் என்ன செய்தார் என்று யாராவது கேட்டால், அணை கட்டினார் என்பதோடு நம்ம பதில் நின்னு போயிடுது. அணை கட்டினார், வாஸ்தவம்தான். அதைவிட முக்கியமாக நாம் அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. ஒரு பிரச்சினைக்கு ஆலோசனை சொல்வதற்கு முன்னால் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். கேட்கத் தெரிந்தவர் அவர். அது தெரியாமல் நான் செய்த தவறு ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முடிச்சூரிலிருந்து ஒரு போன்

2015 டிசம்பர் முதல் தேதியை நம்ம பக்கத்து ஜனங்கள் மறக்க மாட்டார்கள். மறுநாள் காலை முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. அடையாறு கரை கொள்ளாமல் பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் வீடுகளுக்குள் புகுந்தது. மாடி இருந்தவர்கள் மாடிக்குப் போனார்கள். இல்லாதவர்களைப் படகு வைத்து மீட்டார்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு எனக்கு ஓயாமல் போன். அதில் முடிச்சூரிலிருந்து தெரிந்தவர் ஒருவர், சுவரில் விரிசல் விட்டிருக்கிறது, ஏதாவது ஆகுமா என்று கேட்டார். அவ்வளவுதான் அவர் சொன்னது. நானும் வேறு சைட்டில் நின்றுகொண்டு, ஒண்ணும் ஆகாது, ஈரம் காய்ந்ததும் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்துவிடுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து மறுபடியும் கூப்பிட்டார். பின்பக்க அறைக் கதவு சாத்த வரவில்லையாம். சுருக்கென்றது. உடனே வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். ஜன்னல் மூலையிலிருந்து தரை வரைக்கும் செங்கல் இணைப்பு வழியாகப் படிக்கட்டு மாதிரி சாய்வாக இறங்கியிருந்தது விரிசல். வீட்டின் பின்மூலையில் அஸ்திவாரத்துக்கு அடியிலிருந்த மண்ணைத் தண்ணீர் அரித்துக்கொண்டு போயிருந்தது. அந்த மூலை இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. நான் பூசச் சொன்ன பட்டி பல்லை இளித்துக்கொண்டு நின்றது. அந்த அறையில்தான் அவருடைய வயசான அம்மா படுத்திருந்தார்.

அன்றைக்கே அறையைக் காலி செய்து, கூரைக்கு முட்டுக் கொடுத்து, பகுதி பகுதியாகத் தோண்டி அடியில் கான்கிரீட் போட்டுச் சரி செய்தோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அது என் சாமர்த்தியமில்லை, அதிர்ஷ்டம். எந்தச் சுவர், எந்தப் பக்கம் சாய்வு, எவ்வளவு அகலம், எப்போதிருந்து என்று நாலு கேள்வி கேட்டிருந்தால் முதல் போனிலேயே தெரிந்திருக்கும். அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் வீட்டுக்காரர், சொல்லத் தெரியாது. நான் படித்தவன், கேட்டிருக்க வேண்டும். இப்போது விஸ்வேஸ்வரய்யாவிடம் வருவோம்.

முத்தனஹள்ளியின் முத்து

பெங்களூருக்கு வடக்கே சிக்கபல்லாபூர் பக்கம் முத்தனஹள்ளி என்றொரு கிராமம். அங்கே 1861 செப்டம்பர் 15 அன்று பிறந்தார். தந்தை சீனிவாச சாஸ்திரி வடமொழிப் புலவர். தாயார் வெங்கடலட்சுமம்மா. முன்னோர்களின் ஊர் ஆந்திராவிலுள்ள மோட்சகுண்டம் என்பதால் அந்தப் பெயர் முன்னால் நின்றது.

சிறு வயதிலேயே தந்தை இறந்துவிட்டார். வசதி கிடையாது. பெங்களூரில் மாமாவின் ஆதரவில் படித்தார். வசதியான ஒரு குடும்பத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக்கொடுத்துத் தன் செலவைப் பார்த்துக்கொண்டார். நம்மில் எத்தனை பேர் பார்ட்-டைம் வேலை பார்த்துக்கொண்டு படிக்கிறோம்! அவர்களுக்கெல்லாம் இவர்தான் முன்னோடி. அவர் படித்த பெங்களூர் சென்ட்ரல் காலேஜ் அந்தக் காலத்தில் நம்ம சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது. ஆகவே அவருடைய பி.ஏ. பட்டம் சென்னைப் பட்டம்தான் என்று நாம் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

பிறகு மைசூர் அரசின் உதவித்தொகையில் புனே போய் எஞ்சினியரிங் படித்தார். 1883இல் முதல் மாணவராகத் தேறினார். 1884இல் பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் உதவி எஞ்சினியர் வேலை கிடைத்தது. 

சேற்றுத் தண்ணீரும் சின்ன பட்ஜெட்டும்

1890களின் நடுவில் அவரைச் சிந்து மாகாணத்து சுக்கூருக்கு அனுப்பினார்கள். இன்றைக்குப் பாகிஸ்தானில் இருக்கிறது அந்த ஊர். சிந்து நதிக்கரையிலேயே நகரம், ஆனால் குடிக்க நல்ல தண்ணீர் இல்லை. ஆற்றுத் தண்ணீர் ஒரே சேறு. வடிகட்டும் தொட்டிகள் கட்டலாமென்றால் நகராட்சியிடம் பணமில்லை.

இந்த மாதிரி நேரத்தில் சாதாரணமாக என்ன நடக்கும்? பணம் வந்தால் பார்க்கலாம் என்று ஃபைலை மூடி வைப்பார்கள். இவர் ஆற்றையே உற்றுப் பார்த்தார். ஆற்றுப் படுகையில் மணல் இருக்கிறது, மணல்தானே வடிகட்டி? படுகையில் கிணறு எடுத்து, மணலுக்கு அடியில் சுரங்கம் மாதிரி வழி அமைத்து, தானாகக் கசிந்து தெளிந்த தண்ணீரைச் சேகரித்து மேட்டுக்கு ஏற்றினார். 1895இல் வேலை முடிந்தது. பிரச்சினையின் விவரத்துக்குள்ளேயே விடை இருந்திருக்கிறது.

அடுத்தது 1903. புனேக்குத் தண்ணீர் தரும் கடக்வாஸ்லா ஏரியில் மழைக்காலத்தில் உபரி நீர் கலங்கல் வழியாக வீணாகப் போய்க்கொண்டிருந்தது. அணையை உயர்த்தினால் செலவு, பழைய அணைக்கு ஆபத்தும்கூட. வெள்ளக் காலத்தில் கலங்கலுக்கு மேல் தண்ணீர் எவ்வளவு உயரம் ஓடுகிறது என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டார். அந்த மட்டத்தை அணை ஏற்கெனவே தாங்கித்தானே நிற்கிறது? அதே மட்டம் வரைக்கும் தண்ணீரைத் தேக்கி, அதற்கு மேல் ஏறினால் தானே திறந்துகொள்ளும், இறங்கினால் தானே மூடிக்கொள்ளும் கதவுகளை அமைத்தார். அதற்கு பேட்டன்ட் எடுத்தார். ஆனால் தான் வேலை பார்த்த துறையிடம் ராயல்டி வாங்க மறுத்துவிட்டார்.

ரயில் கதை

அவரைப் பற்றி ஒரு ரயில் கதை சொல்வார்கள். நீங்களும் கேட்டிருப்பீர்கள். இரவு ரயிலில் போகும்போது சத்தம் மாறுவதைக் கேட்டுச் சங்கிலியை இழுத்தாராம். தண்டவாளம் இன்ன தூரத்தில் பழுது என்று கார்டிடம் சொன்னாராம். போய்ப் பார்த்தால் அப்படியே இருந்ததாம். நடந்ததோ, ஜனங்கள் அன்போடு கட்டிய கதையோ, அதில் சண்டை வேண்டாம். ஆனால் இதைக் கேட்டுவிட்டு, பெரிய எஞ்சினியர் என்றால் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார், போனில் கேட்டே சொல்லிவிடுவார் என்று நினைத்துக்கொள்கிறோமே, அதுதான் தப்பு. அவருடைய வாழ்க்கையில் பதிவாகியிருப்பவை எல்லாம் இதற்கு நேர்மாறு. ஊகத்தில் அவர் எதையும் சொன்னதில்லை. அதற்குப் பெரிய சாட்சி ஐதராபாத்.

மூசி ஆறு சொன்ன பாடம்

1908 செப்டம்பர் 28. ஐதராபாத் நகரத்தின் நடுவில் ஓடும் மூசி ஆறு ராத்திரியோடு ராத்திரியாகப் பெருகி ஊருக்குள் பாய்ந்தது. சுமார் 15,000 பேர் இறந்தார்கள். ஆயிரக்கணக்கான வீடுகள் அடித்துக்கொண்டு போயின. அப்சல்கஞ்சில் ஒரு புளியமரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து சுமார் 150 பேர் உயிர் பிழைத்தார்கள். இன்றைக்கு உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் இருக்கும் மரம் அது.

அந்தச் சமயம் விஸ்வேஸ்வரய்யா பம்பாய் அரசு வேலையை விட்டுவிட்டு வெளிநாட்டுச் சுற்றுப்பயணத்தில் இருந்தார். இத்தாலியில் இருந்தபோது நிஜாம் அரசின் தந்தி வந்தது. வந்து ஊரைச் சீரமைக்க வழி சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்கள். தந்தி அடித்த இடத்துக்குப் பதில் தந்தியில் யோசனை சொல்லிவிட அவரால் முடியாதா? கரையை இத்தனை அடி உயர்த்துங்கள் என்று சொல்லியிருந்தால் அவர்களும் பெரியவர் சொன்னார் என்று செய்திருப்பார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை. பயணத்தை முடித்துக்கொண்டு வருகிறேன் என்றார். அவர்கள் காத்திருந்தார்கள். 1909 ஏப்ரல் 15இல் ஐதராபாத்தில் பொறுப்பேற்றார்.

வந்ததும் ஊருக்குள் ஓடிய ஆற்றை மட்டும் பார்த்துவிட்டு நிற்கவில்லை. ஆற்றுக்குத் தண்ணீர் எங்கேயிருந்து வந்தது என்று மேலே போனார். நகரத்துக்கு மேலே மூசியின் நீர்ப்பிடிப்புப் பகுதி சுமார் 862 சதுர மைல். அதற்குள் 788 ஏரிகள். ஏறக்குறைய சதுர மைலுக்கு ஒரு ஏரி! அன்றைய மழையில் அவற்றில் 221 ஏரிகள் உடைந்திருந்தன. மேலே ஒரு ஏரி உடைந்தால் அந்தத் தண்ணீர் கீழ் ஏரியில் மோதும், அதுவும் உடையும். வானத்திலிருந்து விழுந்த மழையோடு, ஏரி ஏரியாக உடைந்து வந்த தண்ணீரும் சேர்ந்துதான் ஊரை அழித்திருக்கிறது. இந்த ஒரு விவரம் கிடைத்ததும் பிரச்சினையே வேறு முகம் காட்டியது.

மழைக்கணக்கும் உள்ளூரில் போதுமானதாக இல்லை. இல்லையென்று விட்டுவிட்டாரா? பிற மாகாணங்களிலிருந்து பெருமழைக் கணக்குகளை வரவழைத்து ஒப்பிட்டார். இவ்வளவு பரப்பில், இவ்வளவு நேரத்தில், அதிகபட்சம் எவ்வளவு பெய்யக்கூடும் என்று கணக்குப் போட்டார்.

அதற்குப் பிறகுதான் யோசனை சொன்னார். நகரத்துக்கு மேலே மூசி ஆற்றில் ஒரு நீர்த்தேக்கம், அதன் கிளையான ஈசி ஆற்றில் ஒரு நீர்த்தேக்கம். வெள்ளத்தை அங்கே பிடித்து வைத்து, ஊருக்குள் ஆறு தாங்கும் அளவுக்கு மட்டும் விடுவது. கூடவே கரைகளைச் சீராக்குவது, கழிவுநீர்த் திட்டம். உஸ்மான் சாகர் 1920இலும், ஹிமாயத் சாகர் 1927இலும் முடிந்தன. வெள்ளத்தைத் தடுக்கக் கேட்ட ஊருக்குக் குடிதண்ணீரும் சேர்ந்து கிடைத்தது. கரையை மட்டும் உயர்த்தியிருந்தால் அது கிடைத்திருக்குமா?

தம்பிகளே, இதைப் படிக்கும்போது எனக்கு நம்ம அடையாறு ஞாபகம்தான் வருகிறது. ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம் என்று மேலே இருக்கும் ஏரிகளின் உபரி நீர்தான் முடிச்சூர் பக்கம் ஆறாக வருகிறது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு டீக்கடையில் எல்லாரும் செம்பரம்பாக்கம், செம்பரம்பாக்கம் என்றே பேசினார்கள். செம்பரம்பாக்கத்து உபரி நீர் அடையாற்றில் சேருவது திருநீர்மலைப் பக்கம், முடிச்சூருக்குக் கீழே. கீழே இருக்கும் சென்னை நகரத்துக்கு அந்தக் கேள்வி சரி. முடிச்சூர்க்காரர் கேட்க வேண்டியது தன் தலைக்கு மேலே இருக்கும் ஏரிகளையும், அங்கிருந்து வரும் கால்வாய்களையும் பற்றி. தண்ணீர் எங்கிருந்து வந்தது என்ற விவரம் தப்பாக இருந்தால், கிடைக்கிற யோசனையும் தப்பாகத்தான் இருக்கும்.

கடல் கடந்து ஒரு துயரம்

விஸ்வேஸ்வரய்யா ஐதராபாத் வருவதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் உலகத்தின் மறுகோடியில் நடந்த ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். விவரம் போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட உதாரணம் கிடையாது.

கனடாவில் க்யூபெக் நகரத்துக்கு அருகே செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் ஒரு பெரிய ரயில் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆலோசனை எஞ்சினியர் தியோடர் கூப்பர் என்ற அமெரிக்கர். பெரிய பெயர் பெற்றவர். வயதும் உடல்நிலையும் இடம் தராததால் நியூயார்க்கில் உட்கார்ந்தபடியே மேற்பார்வை. நடு ஸ்பானை 1,600 அடியிலிருந்து 1,800 அடியாக நீட்டினார்கள். ஆனால் கூடிய எடைக்கு ஏற்ப பாலத்தின் சொந்த எடையை ஆரம்பத்திலேயே திரும்பக் கணக்குப் போடவில்லை.

1907 ஆகஸ்டில் அடிப்பக்க இரும்பு உறுப்புகள் வளைவது சைட்டில் தெரிந்தது. வளைவு நாளுக்கு நாள் கூடியது. சைட்டில் இருந்தவர்கள் இது புதிதாக வந்த வளைவா, முதலிலிருந்தே இருந்ததா என்று வாதம் செய்துகொண்டிருந்தார்கள். கடைசியில் இன்ஸ்பெக்டர் நேரில் நியூயார்க் போய் அளவுகளைக் காட்டினார். கூப்பர் பார்த்த உடனே புரிந்துகொண்டு, மேற்கொண்டு பளு ஏற்றாதீர்கள் என்று தந்தி அடித்தார். அது கம்பெனி அலுவலகத்துக்குப் போனது, வேலை நடக்கும் இடத்துக்கு நேரத்தில் போய்ச் சேரவில்லை. அதே ஆகஸ்ட் 29 மாலை, வேலை முடியும் நேரத்தில் பாலம் ஆற்றில் விழுந்தது. 75 தொழிலாளிகள் இறந்தார்கள்.

கூப்பர் கெட்டிக்காரர்தான். அளவு கையில் கிடைத்த அன்றைக்கே சரியான பதில் சொன்னார். அளவு முன்னாலேயே அவர் கைக்கு வந்திருந்தால்? ஒரு கூப்பர் நேரில் போயிருந்தால்? 75 குடும்பங்களின் கதை வேறாக இருந்திருக்கும்.

கண்ணம்பாடியில் காவிரி

1909 நவம்பரில் மைசூர் அரசு அவரைத் தலைமை எஞ்சினியராக அழைத்துக்கொண்டது. அங்கேதான் அவர் பெயரை நிலைக்க வைத்த கிருஷ்ணராஜ சாகர் அணை. கண்ணம்பாடி அணை என்று நம்ம ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். 1911இல் வேலை தொடங்கியது.

இவ்வளவு பணம் போட்டால் திரும்பி வருமா என்று அரசாங்கத்திலேயே சந்தேகம். இந்த இடத்தில் அவர் கேட்பவராக மாறினார் பாருங்கள்! கொடுங்கள் என்று வெறுங்கையோடு நிற்கவில்லை. சிவசமுத்திரம் மின்நிலையத்துக்கு வருஷம் முழுக்கத் தண்ணீர் எவ்வளவு கிடைக்கும், கோலார் தங்கச் சுரங்கத்துக்கு மின்சாரம் விற்றால் எவ்வளவு வரும், எத்தனை நிலம் பாசனம் பெறும் என்று கணக்கோடு முன்னால் வைத்தார். மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அனுமதி கொடுத்தார். சிமென்ட் இங்கே சுலபமாகக் கிடைக்காத காலம். சுண்ணாம்பும் சுட்ட செங்கல் பொடியும் கலந்த சுர்க்கிக் கலவையிலேயே அந்தப் பெரிய அணை எழுந்தது.

காவிரி நமக்கும் தாய். தஞ்சை டெல்டாவுக்குத் தண்ணீர் குறையுமே என்று சென்னை மாகாணம் ஆட்சேபித்தது. அந்த வழக்கு பஞ்சாயத்து, தீர்ப்பு என்று நீண்டு 1924 ஒப்பந்தத்தில் வந்து நின்றது. அதற்குப் பிறகு 1934இல் நம்ம மேட்டூர் அணை முடிந்தது. தண்ணீர் யாருக்கு எவ்வளவு என்ற மனஸ்தாபம் அதோடு தீர்ந்துவிடவில்லை என்பது உங்களுக்கே தெரியும். அதை இங்கே பேச வேண்டாம்.

திவானும் ஆசிரியரும்

1912 முதல் 1918 வரை மைசூர் திவான். 1915இல் சர் பட்டம். 1917இல் பெங்களூரில் எஞ்சினியரிங் கல்லூரி அவர் முயற்சியில் வந்தது. பத்ராவதி இரும்பாலை நஷ்டத்தில் தடுமாறியபோது 1923இலிருந்து அதன் தலைமைப் பொறுப்பை ஏற்று நிமிர்த்தினார். நமக்கு நெருக்கமான செய்தி ஒன்று: கைத்தொழில் கற்றுக்கொடுக்க ஒரு நிறுவனம் வேண்டும் என்ற அவருடைய ஆர்வத்தில் 1943இல் பெங்களூரில் தொடங்கியதுதான் இன்றைய ஸ்ரீ ஜெயசாமராஜேந்திரா பாலிடெக்னிக். டிப்ளமோ படிப்பவன் இரண்டாந்தரம் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

1955இல் பாரத ரத்னா. கூட்டத்துக்குப் போனாலும் பேச வேண்டியதை முன்கூட்டியே எழுதித் தயாராக்கிக்கொண்டு போகிறவர். 90 வயதைத் தாண்டிய பிறகும் பீகாரில் கங்கை மேல் பாலம் எங்கே கட்டலாம் என்று மத்திய அரசு யோசனை கேட்டது. வரைபடத்தை வீட்டுக்குக் கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் அந்த வயதிலும் இடங்களை நேரில் போய்ப் பார்த்தார். மொகாமா தேர்வானது. 1959இல் பாலம் திறக்கப்பட்டது. 1962 ஏப்ரல் 14இல் நூறு வயது கடந்து மறைந்தார். முத்தனஹள்ளியில் அவருடைய சமாதி இருக்கிறது.

நாம் என்ன செய்யலாம்?

தம்பி, தங்கைகளே! நாளைக்கு நீங்கள் சைட்டில் நிற்பீர்கள். உங்களுக்குத் தெரியாத ஒன்று வரும். சீனியரிடமோ, டிசைன் எஞ்சினியரிடமோ கேட்க வேண்டி வரும். கேட்பதில் வெட்கமே வேண்டாம். ஆனால் சார், பீமில் கிராக், என்ன செய்யறது என்று மட்டும் கேட்காதீர்கள். டாக்டரிடம் போய் வலிக்குது என்று மட்டும் சொன்னால் அவர் எதைப் பார்ப்பார்? எங்கே, எப்போதிருந்து என்று சொன்னால்தானே?

கட்டிடம் எந்த ஊரில், எந்த மாதிரி மண்ணில், எந்த வருஷம் கட்டியது என்று சொல்லுங்கள். களிமண்ணா, மணலா, ஏரி ஓரத்து நிலமா, மண் கொட்டி மேடாக்கிய மனையா? சுவரே பளு தாங்குகிறதா, பில்லர் பீம் போட்டதா? அஸ்திவாரம் எவ்வளவு ஆழம்? பிளான் இருக்கிறதா? பிளான்படிதான் கட்டினார்களா, பிறகு மேலே மாடி ஏற்றினார்களா, நடுவில் சுவரை இடித்தார்களா, தண்ணீர்த் தொட்டி வைத்தார்களா?

விரிசல் என்றால் நேரா, படுக்கையா, சாய்வா? எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது? மேலே அகலமா, கீழே அகலமா? பூச்சில் மட்டுமா, செங்கல் வரைக்குமா? இரண்டு பக்கமும் தெரிகிறதா? வளர்கிறதா என்று பார்க்க, விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டி வையுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம். பக்கத்தில் போர்வெல் போட்டார்களா, பள்ளம் தோண்டினார்களா, வெள்ளம் வந்ததா, பெரிய மரம் இருக்கிறதா, குழாய் கசிகிறதா, எல்லாமே விவரம்தான்.

போட்டோ எடுக்கும்போது பக்கத்தில் ஸ்கேலோ, டேப்போ வைத்து எடுங்கள். கிட்டே ஒன்று, தள்ளி நின்று முழுச் சுவரும் தெரிய ஒன்று. ஒரு வெள்ளைத்தாளில் கைப்படமாக வரைந்து, வடக்கு எது என்று குறியுங்கள். எதை அளந்தீர்கள், எதைக் கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாகச் சொல்கிறீர்கள் என்று பிரித்துச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள். அதுவும் ஒரு விவரம்தான். இவ்வளவையும் வாங்கிக்கொண்டு நல்ல எஞ்சினியர் நேரில் வந்து பார்க்க வேண்டும் என்று சொன்னால் வருத்தப்படாதீர்கள். சந்தோஷப்படுங்கள். கதவு இறுகுகிறது, தரை இறங்குகிறது, கம்பி தெரிகிறது, பீம் தொங்குகிறது என்றால் பதிலுக்குக் காத்திருக்கவே வேண்டாம். முதலில் ஆட்களை வெளியே கொண்டுவாருங்கள். மற்றதெல்லாம் பிறகு.

உங்களிடம் யாராவது கேட்டால்? அவர்கள் சொல்லாததை நீங்கள் கேளுங்கள். ஜனங்களுக்கு நம்ம பாஷை தெரியாது. சென்ட்ரிங், லின்டல், செட்டில்மென்ட் என்று அவர்களை மிரட்டாமல், கதவு சரியாகச் சாத்துதாம்மா, விரிசலுக்குள்ள பத்து பைசா நுழையுமா என்று அவர்கள் பாஷையில் கேளுங்கள். அந்த ஒரு கதவுக் கேள்வியை நான் கேட்டிருந்தால் முடிச்சூர் வீட்டில் ஒரு மாதம் ஒரு தாய் அந்தச் சுவரடியில் படுத்திருக்க மாட்டார்.

இன்றும் தாம்பரத்திலிருந்து முடிச்சூர் சாலையில் போகும்போது அந்தத் தெருவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் போகிறேன். அந்தப் பின்மூலை அப்புறம் இறங்கவில்லை. அங்கே ஒட்டி வைத்த கண்ணாடித் துண்டு உடையாமல் இருக்கிறது. அந்தப் பெரியம்மா என்னைப் பார்த்தால் காபி சாப்பிடாமல் விடுவதில்லை. நான் முதல் போனில் என்ன சொன்னேன் என்பது அவருக்குத் தெரியாது. இந்த மலரைப் படித்தால்தான் தெரியும்!

அடுத்த செப்டம்பர் 15இல் விஸ்வேஸ்வரய்யா படத்துக்கு மாலை போடும்போது, 788 ஏரிகளை எண்ணிப் பார்த்த பிறகே வாய் திறந்த மனிதர் இவர் என்று ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். பையில் ஒரு டேப்பும் ஒரு நோட்டும் எப்போதும் இருக்கட்டும்.

வாழ்க மாணவர் பேரவை! வளர்க நம் தொழில்!